போர்லி பங்களா: தேதிவாரியாக ஒரு பேய் வழக்கு

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் போர்லி என்றொரு சிற்றூர். 1944 ஏப்ரல் 5-ஆம் தேதி அங்கே, தீயில் கருகிக் கூடாக நின்ற பழைய பாதிரியார் பங்களா ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் தள்ளி நின்று படம் எடுத்தார். படத்தைக் கழுவிப் பார்த்தால், இருண்ட வாசலுக்கு முன்னால் ஒரு செங்கல் அந்தரத்தில் நிற்கிறது. பிடித்திருக்க ஆள் இல்லை, கட்டித் தொங்கவிடக் கயிறு இல்லை. பேய் ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ் 1946-இல் வெளியிட்ட நூலில் அந்தப் படத்தைச் சேர்த்து, இந்த வீட்டின் கடைசி அமானுஷ்ய நிகழ்வாக இது இருக்கக்கூடும் என்ற தொனியில் எழுதினார்.

அன்று உடன் வந்திருந்த பத்திரிகையாளர் பிற்பாடு சொன்னது வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிலாளி செங்கற்களைப் பெயர்த்துப் பெயர்த்து வீசிக்கொண்டிருந்தார், அது பிரைஸுக்கும் நன்றாகத் தெரியும் என்றார்.

இந்த வழக்கின்மேல் எனக்குப் பிடிப்பு வந்ததே அந்தச் செங்கல்லால்தான். படத்தில் பித்தலாட்டம் கிடையாது. கேமரா மூடித் திறந்த நொடியில் செங்கல் உண்மையாகவே அந்தரத்தில்தான் இருந்தது. படத்துக்கு வெளியே நின்ற தொழிலாளியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, அவ்வளவுதான். ‘இங்கிலாந்திலேயே அதிகம் பேய் உலவும் வீடு’ என்று பெயர் வாங்கிய போர்லி பங்களாவின் கதை முழுக்க இந்த மாதிரி எழுதாமல் விட்ட வரிகளால் ஆனது.

பழைய கோட்டை, பாழடைந்த மாளிகை, கல்லறைத் தோட்டம் என்று டார்ச்சும் கையுமாக இரவில் கிளம்புகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: அங்கே ஏதாவது இருக்கிறதா? வழக்குக் கட்டுகளோடு பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி சலித்துவிடும். எப்போது நடந்தது, எப்போது எழுதினார்கள், எழுதும்போது பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்கத் தொடங்குவார்கள். போர்லியை இங்கே அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதிக்குப் பக்கத்தில், அது எழுத்தில் ஏறிய தேதியையும் வைத்தால் போதும். பாதிப் பேய்கள் அங்கேயே கழன்றுவிடும்.

கன்னியாஸ்திரி வந்த வழி

பங்களாவைக் கட்டியவர் போர்லியின் பங்குப் பாதிரியாராக இருந்த ஹென்றி டாசன் எல்லிஸ் புல். கட்டி முடித்தது 1863-இல். அவருக்குப் பதினான்கு பிள்ளைகள். குடும்பம் பெருகப் பெருக வீட்டை இழுத்து இழுத்துக் கட்டியதில், நடுவே கிட்டத்தட்ட நாலாபுறமும் அடைத்த ஒரு முற்றம் உண்டாகிவிட்டது. மின்சாரம் கிடையாது, எரிவாயு கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. வேலைக்காரர்களை அழைக்கும் மணிகள் அறைக்கு அறை கம்பி இழுத்து மாட்டப்பட்டிருந்தன. எலிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த முற்றம், கம்பி, எலி மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் சொல்லப்பட்ட கதை இது. பங்களா நிற்கும் இடத்தில் 14-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவியர் மடம் இருந்தது. அந்த மடத்துத் துறவி ஒருவரும் பக்கத்து ஊர் கன்னிமாடத்துக் கன்னியாஸ்திரி ஒருவரும் காதல்கொண்டு குதிரை பூட்டிய கோச்சு வண்டியில் ஓடிப்போனார்கள். பிடிபட்டார்கள். துறவியைக் கொன்றார்கள், கன்னியாஸ்திரியை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் தோட்டத்தில் நடக்கிறாள், தலையில்லாத வண்டிக்காரர்கள் கோச்சை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

கதைக்கு எல்லா அம்சமும் பொருந்தியிருக்கிறது, காலத்தைத் தவிர. அந்த மாதிரிக் கோச்சு வண்டி இங்கிலாந்துக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். போர்லியில் மடம் இருந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்பதும் 1938-இலேயே தெளிவாகிவிட்டது. மடமே இல்லாத இடத்தில் மடத்துத் துறவிக்கு என்ன வேலை? ஆனால் ஒரு கதை பொய் என்று தெரிந்தவுடன் செத்துவிடுவதில்லை. அது கண்ணுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. கருப்பாக ஏதாவது அசைந்தால், அது என்னவாக இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

1900 ஜூலை 28-ஆம் தேதி அந்தி மயங்கும் நேரம். புல் குடும்பத்துச் சகோதரிகள் நான்கு பேர் தோட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி உருவத்தைச் சுமார் 40 கெஜ தூரத்தில் பார்த்தார்கள். பேசலாம் என்று நெருங்கினார்கள், உருவம் மறைந்துவிட்டது. போர்லி வழக்கின் சிறந்த சாட்சியம் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். நால்வர் ஒரே நேரத்தில் பார்த்தது, பொய் சொல்லிப் பிழைக்க வேண்டிய அவசியமில்லாத பெண்கள், தேதிகூடத் துல்லியமாக இருக்கிறது. சகோதரிகள் எதையோ பார்த்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சாட்சியம் விரிவாக எழுத்துக்கு வந்தது 1929-க்குப் பிறகு. இடையில் இருபத்தொன்பது வருடம். அதுவரை அது ஒரே குடும்பத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய சம்பவம். நால்வரும் அன்றிரவே தனித்தனியாக உட்கார்ந்து, கலந்து பேசாமல் நாலு தாளில் எழுதியிருந்தால் இன்று அதன் மதிப்பே வேறு.

சாப்பாட்டு அறை ஜன்னல் ஒன்றைப் பெரிய பாதிரியார் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கன்னியாஸ்திரி எட்டிப் பார்த்ததால்தான் அடைத்தார் என்று பின்னாளில் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். ஜன்னல் சாலையைப் பார்த்து இருந்தது. சாப்பிடும்போது தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் யாராக இருந்தாலும் அடைக்கத்தான் செய்வார்கள்.

1929 ஜூன்

புல் பாதிரியாரும் அவருக்குப் பின் வந்த மகனும் காலமான பிறகு, 1928 அக்டோபரில் கை எரிக் ஸ்மித் என்ற பாதிரியார் மனைவியோடு குடிவந்தார். அலமாரியைச் சுத்தம் செய்த திருமதி ஸ்மித்துக்குப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடைத்தது. பிரித்தால் உள்ளே ஓர் இளம்பெண்ணின் மண்டையோடு. பழைய வீட்டில் அது எப்படி வந்தது என்பது தனிப் புதிர். ஆனால் ஏற்கெனவே ஊர்ப்பேச்சு காதில் விழுந்திருந்த தம்பதிக்கு அது போதுமானதாக இருந்தது. பேய், ஆவி விவகாரங்களை ஆராய 1882-இல் லண்டனில் தொடங்கப்பட்ட சைக்கிக்கல் ரிசர்ச் சொசைட்டியோடு தொடர்பு ஏற்படுத்தித் தரச் சொல்லி ‘டெய்லி மிரர்’ பத்திரிகைக்கு எழுதினார்கள். சொசைட்டி வருவதற்கு முன் பத்திரிகை நிருபர் வந்தார். ஜூன் 10-ஆம் தேதி முதல் கட்டுரை அச்சேறியது. இரண்டே நாளில், ஜூன் 12-ஆம் தேதி, பத்திரிகை ஏற்பாட்டில் ஹாரி பிரைஸ் வந்து இறங்கினார்.

பிரைஸை ஒரே சொல்லில் அடக்க முடியாது. மேஜிக் வித்தைகள் தெரிந்தவர். 1926-இல் சொந்தமாக ஆய்வுக்கூடம் திறந்தவர். ஆவி பேசுகிறேன் என்று மெல்லிய துணியை விழுங்கி வெளியே எடுத்துக்காட்டிய ஹெலன் டங்கனின் குட்டை 1931-இல் உடைத்தவரும் இவரே. அவருடைய பேய் வேட்டைப் பெட்டி பிரசித்தம். சத்தம் வராமல் நடக்கக் கம்பளி மேலுறைக் காலணி, அளவு நாடா, கதவுகளை முத்திரையிட நூலும் ஈயமும், விரல்ரேகை எடுக்கக் கிராஃபைட் பொடி, தரை அதிர்வைக் காட்டக் கிண்ணத்தில் பாதரசம், வெப்பமானி, கேமரா, சாக்குக் கட்டி, யாராவது மயங்கி விழுந்தால் கொடுக்க ஒரு குடுவை பிராந்தி. 1936-இல் பேய் வீடு என்று பெயர்பெற்ற ஒன்றிலிருந்து பிபிசி வானொலியில் நேரடி ஒலிபரப்பே செய்தார். இன்று பச்சை வெளிச்சக் கேமராவில் மூச்சிரைக்க ஓடுகிற நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பாட்டனார் அவர்தான்.

அவர் போர்லிக்கு வந்த முதல் நாளே வீடு விழித்துக்கொண்டது. தாழ்வாரக் கூரையின் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. மாடிப்படி வழியாகச் சிவப்புக் கண்ணாடி மெழுகுவர்த்தித் தாங்கி பறந்து வந்தது. கூழாங்கற்கள் உருண்டன. நள்ளிரவுக்கு மேல் ‘நீல அறை’யில் எல்லோரும் உட்கார்ந்து கேள்வி கேட்க, முகம்பார்க்கும் கண்ணாடியின் சட்டத்திலிருந்து தட்டல் சத்தத்தில் பதில் வந்தது. அந்த அறையில் காலமான இளைய புல் பாதிரியார்தான் பேசினாராம்.

அதுவரை அந்த வீட்டில் காலடிச் சத்தம், மணி ஒலி, மங்கலான உருவம் என்று சொல்லப்பட்டதுண்டு. பொருட்கள் பறந்ததில்லை. பிரைஸ் வந்தார், பறந்தன. பிரைஸ் ஊருக்குப் போனார், நின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று ஒருமுறை சொல்லலாம். காக்கை வரும்போதெல்லாம் விழுந்தால் காக்கையின் அலகைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? திருமதி ஸ்மித்துக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, அதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். ஸ்மித் தம்பதி ஜூலையிலேயே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். பேயைவிட, பேய் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்த கூட்டமும், ஒழுகுகிற வசதியற்ற அந்த வீடும் படுத்திய பாடு அதிகம்.

சுவரில் எழுத்து

1930 அக்டோபரில் லயனல் ஃபாய்ஸ்டர் என்ற பாதிரியார், மனைவி மரியான், வளர்ப்பு மகளோடு வந்தார். புல் குடும்பத்துக்கு உறவினர். ஐந்து வருடம் இருந்தார்கள். வழக்கின் மிகச் சத்தமான காலம் இது. மணிகள் தானாக அடித்தன, புட்டிகள் உடைந்தன, குழந்தை அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டாள். பேயோட்ட ஜெபம் செய்துகொண்டிருந்த ஃபாய்ஸ்டரின் தோளில் முஷ்டி அளவு கல் வந்து விழுந்தது. அவர் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அந்த விதத்தில் புல் சகோதரிகளைவிட அவர் நல்ல சாட்சி.

சுவர்களில் பென்சில் கிறுக்கல்கள் தோன்றின. மரியானின் பெயரைச் சொல்லி உதவி கேட்டன. விளக்கு, பூசை, ஜெபம் வேண்டும் என்றன. மரியான் அதற்குக் கீழேயே, எனக்குப் புரியவில்லை, இன்னும் சொல்லுங்கள் என்கிற மாதிரி பதில் எழுதி வைத்தார். இதைப் படித்தபோது நான் ஒரு கணம் நிறுத்தினேன். வீடோ ஆங்கிலிகன் பாதிரியாருடையது. சுவர் கேட்பதோ கத்தோலிக்கப் பூசை. கன்னியாஸ்திரிக் கதை நாளிதழில் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. சுவரில் எழுதியது யாராக இருந்தாலும், அவர் கதையைப் படித்தவர்.

1931 அக்டோபரில் பிரைஸ் மறுபடி வந்தார். இதெல்லாம் மரியானின் கைவேலை என்ற முடிவோடு திரும்பினார். அதைச் சொன்னதால் ஃபாய்ஸ்டரோடு மனக்கசப்பும் ஆயிற்று. வேடிக்கை அடுத்து வருகிறது. 1940-இல் பிரைஸ் போர்லியைப் பற்றி முதல் நூல் போட்டபோது, ஃபாய்ஸ்டர் காலத்து நிகழ்வுகளை வலுவான ஆதாரங்களாக விரித்து எழுதினார். 1931-இல் அவருக்கே நம்பிக்கை இல்லாத சரக்கு, ஒன்பது வருடத்தில் முதல்தரச் சரக்கு ஆகிவிட்டது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போர்லி வழக்கைப் பற்றி அதற்குமேல் பேச வேண்டியதே இல்லை என்றுகூடத் தோன்றும். ஆனால் 1937 இருக்கிறதே, அதை விட மனம் வரவில்லை.

நாற்பத்தெட்டுப் பேரும் ஒரு நீலப் புத்தகமும்

ஃபாய்ஸ்டர் குடும்பம் போனபின் பங்களா காலியாகக் கிடந்தது. 1937 மே மாதம் பிரைஸ் அதை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தார். 25-ஆம் தேதி ‘தி டைம்ஸ்’ நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். பொறுப்பும் துணிவும் உள்ள, பாரபட்சமில்லாத ஆட்கள் தேவை, பேய் வீட்டில் முறைவைத்துத் தங்கிக் கவனிக்க வேண்டும் என்றார். 48 பேர் தேர்வானார்கள், பெரும்பாலும் மாணவர்கள். சிட்னி கிளான்வில் என்ற பொறியாளர் அவர்களுக்கு முன்னணியில் நின்றார், வீட்டின் வரைபடங்களைத் துல்லியமாக வரைந்தார். பேய் வேட்டை வரலாற்றில் இந்த அளவுக்கு ஒழுங்காகத் திட்டமிட்ட முயற்சி அதற்குமுன் அரிது.

ஒரு இரவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாமான் எதுவும் இல்லாத அறைகள். கதவு ஜன்னல்களைப் பூட்டி நூல் கட்டி முத்திரையிட்டாயிற்று. தரையில் கிடக்கும் சின்னச் சின்னப் பொருட்களைச் சுற்றிச் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டாயிற்று, அசைந்தால் தெரிய வேண்டும். சுவரில் ஏற்கெனவே உள்ள பென்சில் கோடுகளையும் வளையமிட்டுத் தேதி எழுதியாயிற்று. பிறகு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மணிக்கு ஒருமுறை எழுந்து டார்ச்சோடு சுற்றிவந்து வட்டங்களைப் பார்க்க வேண்டும்.

சாக்கு வட்டம் அருமையான யோசனை. இன்றைக்கும் அதை மிஞ்சிய எளிய வழி இல்லை. கெட்டுப்போனது வேறிடத்தில். ஒவ்வொருவர் கையிலும் பிரைஸ் ஒரு நீலநிற அட்டைப் புத்தகம் கொடுத்திருந்தார். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எதையெல்லாம் எதிர்பார்த்துக் கவனிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. மணி ஒலி, காலடி, தட்டல், உருவம், வாசனை, வெளிச்சம், வெப்பநிலை மாற்றம். கேள்வித்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்தால் எப்படி? ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்கள். இங்கே அரள வேண்டிய இடங்களின் பட்டியலே அச்சடித்து வந்தது.

அப்படியும் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரிதாக எதையும் காணாமல் திரும்பினார்கள். புதிதாகச் சில பென்சில் கோடுகள், வட்டத்திலிருந்து நகர்ந்த சில பொருட்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய கோட்டு ஒன்று, தட்டல் சத்தங்கள். பக்கம் பக்கமாக ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனால் எனக்கு அந்தப் பக்கங்கள்மேல் தனி மரியாதை உண்டு. அச்சில் வரும்போது காலியான இரவுகள் சுருங்கி, கோட்டு கிடைத்த இரவு நீண்டுவிடுகிறது. படிக்கிறவருக்கு அந்த வீட்டில் தினமும் ஏதோ நடந்த மாதிரி இருக்கும்.

நானும் சில இரவுகள் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டால் ஒரு விதி உண்டு: இருமினால், நாற்காலி கிறீச்சிட்டால், வயிறு உறுமினால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், “அது நான்தான்” என்று. ஒருமுறை அலுப்பில் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் கேட்டால், அதிகாலை மூன்று மணிக்கு யாரோ “வா...” என்று இழுப்பது போல ஒரு சத்தம். உடனிருந்த இருவருக்கும் போட்டுக் காட்டும் முன்பே “வா” என்கிறது கேளுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். அவர்களுக்கும் “வா”தான் கேட்டது. பிறகு அன்று போட்டிருந்த ஜாக்கெட்டின் ஜிப்பை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே சத்தம். இருபது பேருக்கு அனுப்பியிருந்தால் இருபது சாட்சி கிடைத்திருக்கும்.

தீயும் அதற்கு முன் வந்த ஜோசியமும்

1938 மார்ச்சில் கிளான்வில்லின் மகள் லண்டனில் பிளாஞ்செட் பலகை வைத்து ஆவிகளோடு பேசினார். போர்லியில் கொலையுண்ட மாரி லேர் என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி ஒருவர் வந்தார். இன்னொரு ஆவி, மார்ச் 27-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பங்களாவை எரிப்பேன், கொலையுண்டவரின் எலும்பு வெளிப்படும் என்றது. அன்று ஒன்றும் எரியவில்லை.

பதினோரு மாதம் கழித்து, 1939 பிப்ரவரி 27-ஆம் தேதி, பங்களாவைப் புதிதாக வாங்கியிருந்த கேப்டன் கிரெக்சன் சாமான்களைப் பிரித்து அடுக்கும்போது கூடத்தில் எண்ணெய் விளக்கு கவிழ்ந்து வீடு எரிந்தது. ஜோசியம் பலித்துவிட்டது என்று எழுதினார்கள். தேதி தவறினாலும் ‘27’ பொருந்துகிறதே என்று சமாதானம் வேறு. காப்பீட்டு நிறுவனம் ஆவியை விசாரிக்கவில்லை, உரிமையாளரை விசாரித்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. பக்கத்தில் குடியிருந்த பெண்மணி ஒருவர், எரியும் வீட்டின் மாடி ஜன்னலில் கன்னியாஸ்திரியைப் பார்த்ததாகவும், அதை விவரிக்க ஒரு கினி கட்டணம் கேட்டதாகவும் பிரைஸ் எழுதியிருக்கிறார். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த சாட்சி அவர்தான். விலையை முதலிலேயே சொல்லிவிட்டார்.

அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான்

பிரைஸ் 1948 மார்ச்சில் காலமானார். அதற்குப் பிறகு வாய்கள் திறந்தன. 1929-இல் அவரோடு போர்லிக்குப் போயிருந்த ‘டெய்லி மெயில்’ நிருபர் சார்லஸ் சட்டன், அன்று தலையில் கல் பட்டதும் பிரைஸைப் பிடித்துப் பார்த்ததாகவும் கோட்டுப் பைகள் நிறையக் கற்கள் இருந்ததாகவும் எழுதினார். சந்தேகப் பிராணிகள் இதைப் பெரும் துருப்புச் சீட்டாகக் காட்டுவார்கள். நான் மேலே வைத்த அளவுகோல் இங்கேயும் செல்லும். சம்பவம் 1929, எழுத்து 1948. பத்தொன்பது வருடம், அதுவும் பதில் சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் போனபின். புல் சகோதரிகளுக்கு ஒரு நீதி, நிருபருக்கு ஒரு நீதி என்று வைக்க முடியாது. 2000-ஆம் ஆண்டில் ஒருவர், சிறுவயதில் நாங்களே வேடம் போட்டு ஏமாற்றினோம் என்று புத்தகமே போட்டார். அதையும் அதே தராசில் வைத்தால் முள் அசையவில்லை.

ஆகவே 1956-இல் வந்த சொசைட்டி அறிக்கைதான் நமக்கு மிஞ்சும் திடமான ஆவணம். எழுதியவர்கள் எரிக் டிங்வால், கேத்லீன் கோல்ட்னி, டிரெவர் ஹால். கோல்ட்னி 1931-இல் பிரைஸோடு போர்லிக்கே போயிருந்தவர். அவர்கள் செய்த முக்கியமான வேலை, பிரைஸின் அச்சிட்ட வரிகளை அவருடைய மூலக் குறிப்புகளோடும் கடிதங்களோடும் ஒப்பிட்டது. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. எலிகளும், அடைத்த முற்றத்தால் சத்தத்தின் திசையைக் குழப்பும் கட்டட அமைப்பும் பெரும்பாலான ஒலிகளுக்குப் போதும் என்றார்கள். ஒவ்வொரு காலகட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஆதாரம் தேய்ந்து கடைசியில் மறைந்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. 1969-இல் ராபர்ட் ஹேஸ்டிங்ஸ் பிரைஸுக்காக வாதாடி எழுதியது அதே சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. வழக்கு இன்னும் முழுதாக மூடவில்லை என்று நினைப்பவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

போர்லியில் செய்யாமல் விட்டதை வேறிடத்தில் செய்தார்கள். எட்டாம் ஹென்றி மன்னரின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், 1542-இல் தலை வெட்டப்பட்ட அரசி கேத்தரின் ஹோவர்டு அலறிக்கொண்டு ஓடுவதாகச் சொல்லப்படும் நடைக்கூடம் இருக்கிறது. உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் அங்கே நூற்றுக்கணக்கான பார்வையாளர்களின் கையில் தரைப்படத்தைக் கொடுத்து, எங்கே விசித்திரமாக உணர்ந்தீர்களோ அங்கே குறியிடுங்கள் என்றார்கள். எடின்பரோ நகரின் சவுத் பிரிட்ஜ் நிலவறைகளிலும் இதே மாதிரி செய்தார்கள். 2003-இல் வெளியான முடிவு இரு கட்சிக்கும் முழுத் திருப்தி தராதது. பேய் உலவுவதாகப் பெயர்பெற்ற இடங்களில்தான் குறிகள் அதிகம் விழுந்தன. அந்தப் பெயர் முன்பே தெரியுமா தெரியாதா என்பது அதைப் பாதிக்கவில்லை. ஆனால் குறிகள் விழுந்த இடங்கள், அறையின் அளவு, வெளிச்சம், காந்தப்புலத்தின் ஏற்ற இறக்கம் போன்றவற்றோடு ஒத்துப்போயின. அதாவது சில இடங்களில் மனிதர்களுக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்க்கிறது. கதை பிறகு அந்தச் சிலிர்ப்பைத் தேடி வந்து குடியேறியிருக்கலாம்.

சந்தேகப் பிராணிகளுக்கும் செல்லக் கதை உண்டு என்று சொல்லத்தான் இன்னொரு சம்பவம். 1998-இல் விக் டாண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்தில் கண்ட சாம்பல்நிற உருவத்துக்குக் காரணம், மின்விசிறி உண்டாக்கிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அளவுள்ள, காதுக்கு எட்டாத அதிர்வு என்று எழுதினார். அன்றிலிருந்து எந்தப் பேய்க் கதைக்கும் “அது இன்ஃப்ராசவுண்ட்” என்பது ரெடிமேட் பதில். 2009-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், செயற்கை அறையில் அந்த அதிர்வையும் மின்காந்தப் புலத்தையும் போட்டும் போடாமலும் 79 பேரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பலருக்கும் விசித்திர உணர்வு வந்தது. கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கவில்லை. ஏதாவது நடக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லி வைத்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. நீலப் புத்தகம் மறுபடியும்.

கடைசியாக எலும்பு. 1943 ஆகஸ்டில் பிரைஸ் எரிந்த பங்களாவின் நிலவறையைத் தோண்டினார். ஒரு தாடை எலும்பும் மண்டையோட்டுத் துண்டும் கிடைத்தன. இளம்பெண்ணுடையது என்று அறிவித்தார்கள், பிளாஞ்செட் சொன்ன கன்னியாஸ்திரியோடு முடிச்சுப் போட்டார்கள். அதை முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று பிரைஸ் முயன்றபோது போர்லி சபையார் இடம் தர மறுத்துவிட்டார்கள். அது பன்றியின் எலும்பு என்பது ஊர்ப்பேச்சு. 1945 மே 29-ஆம் தேதி பக்கத்து ஊரான லிஸ்டனின் தேவாலயத் தோட்டத்தில் ஜெபம் சொல்லிப் புதைத்தார்கள்.